கோழிக்கூட்டு ஸ்டேஷன்

எங்கள் வீட்டுக் கொடியில் சாயங்காலம் துணி காயப்போடக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. ஜப்பான்காரன் போட்ட சட்டமெல்லாம் போதாதென்று இது வேறயா என்று அம்மா முணுமுணுப்பார். சட்டம் போட்டவர் என் சித்தப்பா, அப்பாவின் தம்பி. ஏன் போட்டார் என்பது வெளியே தெரிந்தால் அவர் தலை போய்விடும். ஒன்பது வயதிலேயே எனக்கு அது தெரியும். அந்த நாளில் தலை போய்விடும் என்பதைப் பேச்சுக்காக யாரும் சொல்லவில்லை. ஒருநாள் பாசார்க் கடைத்தெருப் பக்கம் போய் எதையோ பார்த்துவிட்டு வந்த அப்பாவுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்குப் பட்டறையில் வேலை, சித்தப்பாவுக்குத் தந்தி ஆபீஸ். சண்டை வருவதற்கு முன்பிருந்தே சித்தப்பாவுக்கு ஒரு பைத்தியம். சொந்தமாக ஒரு வானொலி ஸ்டேஷன் வைத்து, லைசென்ஸ் எடுத்து, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் முன்பின் தெரியாத ஆட்களோடு தந்தி அடித்துப் பேச வேண்டுமாம்.

"என்னத்த பேசுவீங்க?" என்று அம்மா கேட்பார்.

"உங்க ஊர்ல மழையான்னு கேப்பேன் அண்ணி."

"அவன் ஊர்ல மழை பேஞ்சா நமக்கென்னலா?"

லைசென்ஸ் வருவதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். வீட்டிலிருக்கும் வானொலிப் பெட்டிகளைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், அவன் உள்ளே ஏதோ நறுக்கித் தருவான், அப்புறம் அவன் பேசுவதை மட்டும் கேட்கலாம் என்று உத்தரவு. சித்தப்பா எப்போதோ செத்துப்போன ஒரு பெட்டியைப் பயபக்தியோடு தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். லைசென்ஸுக்குக் காத்திருந்தபோதே கட்டி வைத்திருந்த தன் ஸ்டேஷனின் பேசுகிற பாதியைச் சாக்கில் கட்டிக் கிள்ளான் ஆற்றில் போட்டார். கேட்கிற பாதியைப் போட மட்டும் மனசு வரவில்லை.

அரிசி கிடைக்காத காலம். கொல்லையில் அடி வைக்க இடமில்லாமல் மரவள்ளியும் சக்கரவள்ளியும் நட்டிருந்தோம். ஓர் ஆடு, பதினொரு கோழி. நாள் முழுக்க எனக்கு வேலை இருக்கும்: கிழங்கு சீவ வேண்டும், ஆட்டுக்குக் குழை ஒடிக்க வேண்டும், கோழிக்கூட்டைக் கழுவ வேண்டும். இத்தனைக்கும் நடுவில்தான் சித்தப்பா தன் ஸ்டேஷனை மறுபடி எழுப்பினார். ஆள் குனிந்து உட்காரும் அளவுக்குக் கோழிக்கூட்டைப் பெரிதாகக் கட்டி, பின்சுவர்ப் பலகைக்குள் பெட்டியை மறைத்தார். துணிக்கொடியை அவிழ்த்துவிட்டுச் செம்பு வயரைக் கட்டினார். அதுதான் ஏரியல். கொல்லை மூலையில் முழ நீள இரும்புக் கம்பி ஒன்றை மண்ணில் இறக்கி, அதிலிருந்து இன்னொரு வயரை மண்ணுக்கடியிலேயே கூட்டுக்குக் கொண்டுபோனார். அது எர்த். அந்த மூலை எப்போதும் ஈரமாக இருந்தால்தான் குரல் தெளிவாகக் கேட்குமாம். ஆகவே தினம் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றுவதும் என் தலையில் விழுந்தது.

கடிகாரம் ஆறு அடிக்கும்போது லண்டன் செய்தி கேட்க அவர் கூட்டுக்குள் போவார். ஆறு என்றால் இருட்டவெல்லாம் செய்யாது. கடிகாரங்களையும் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள், வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும். காதில் குமிழ் மாட்டிக்கொண்டால் வெளியே இடி விழுந்தாலும் அவருக்குக் கேட்காது. அதனால் காவலுக்கு நான். யாராவது வந்தால், வாளியில் நனைத்து வைத்திருக்கும் சாரோங்கை எடுத்துக் கொடிமேல் வீச வேண்டும். ஈரத்துணி வயரில் பட்டதும் அவர் காதில் குரல் அடங்கி ஊளை கிளம்பும். உடனே பலகையை மூடிவிட்டு, கையில் நாலு முட்டையோடு வெளியே வருவார். அந்த நாலு முட்டையும் வாரக்கணக்காக அதே முட்டைகள்தான், அவற்றைப் பொரிக்கக் கேட்டு நான் அழுதிருக்கிறேன்.

வினையை இழுத்துவிட்டது அம்மா. அதுவும் நல்லெண்ணத்தோடுதான். ஆடு இரண்டு தரம் அந்த இரும்புக் கம்பியில் கயிறு மாட்டி இழுத்துவிட்டது. இதென்ன முளை என்று வருகிறவர்களெல்லாம் கேட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அம்மா கம்பிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, உச்சியில் எலுமிச்சம்பழம் குத்தி, சுற்றி மூன்று செங்கல் நட்டுவிட்டார். கேட்டவர்களிடம், முனியாண்டி, கனவில் வந்து இடம் கேட்டார் என்று சொன்னார். சித்தப்பா புரையேறச் சிரித்தார். அம்மாவுக்கோ பெருமை தாங்கவில்லை.

ஆனால் எந்தக் காலத்தில் சாமியை வரவழைத்தோம் என்று யோசித்திருக்க வேண்டாமா? சயாமுக்கு ரயில் பாதை போட ஆண்களைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். போனவர்களிடமிருந்து ஒரு கடுதாசி கிடையாது. அப்படியிருக்க, கனவில் வந்து பேசுகிற சாமி ஒன்று பக்கத்திலேயே இருக்கிறதென்றால் பெண்கள் சும்மா இருப்பார்களா? முதலில் வந்தவர் அடுத்த வீட்டு அத்தை. சொந்தத்தில் அத்தை இல்லை, கூப்பிடுகிற முறைதான். அவர் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. தினமும் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து கம்பியின் தலையில் ஊற்றிவிட்டு, ஒன்றுமே வேண்டாமல் சிறிது நேரம் நின்றுவிட்டுப் போவார். அவரைப் பார்த்து நாலு பேர், நாலு பேரைப் பார்த்துப் பத்துப் பேர். எனக்கு வாளி தூக்குகிற வேலை மிச்சம். சும்மா சொல்லக் கூடாது, லண்டன்காரன் குரல் முன்னைக்கிப்போது மணிமணியாகக் கேட்கிறது என்று சித்தப்பாவே சொன்னார்.

அப்புறம் இன்னொரு வெள்ளிக்கிழமை பெண்கள் பொங்கல் வைக்க வந்துவிட்டார்கள். அரிசி ஏது, மரவள்ளிக் குருணைப் பொங்கல்தான். மாலையில் வருவோம் என்று சொன்னவர்கள் ஆறு மணிக்கே வந்து அடுப்பு மூட்டியபோது சித்தப்பா ஏற்கெனவே கூட்டுக்குள் இருந்தார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். சாரோங் கிடந்த வாளியை யாரோ எடுத்து, துணியை வேலியில் போட்டுவிட்டு, தண்ணீரை முனியாண்டிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது பக்கவாட்டு வழியில் பூட்ஸ் சத்தம். ஒரு ஜப்பானிய அதிகாரி, மொழிபெயர்க்க நம் ஆள் ஒருவன். கூட்டம் கூடுவதாக யாரோ சொல்லியிருக்க வேண்டும். பெண்கள் அத்தனை பேரும் இடுப்பு வளைத்துக் குனிந்தார்கள். நான் வேலியை நோக்கி ஓடினேன். துணியை எட்டிப் பிடிப்பதற்குள், "கொரா!" என்று ஓர் அதட்டல். ஜப்பான்காரனைக் கண்டால் முதலில் குனிந்து வணங்க வேண்டும் என்பதை மறந்தே போனேன். கன்னத்தில் விழுந்த அறையில் காது அடைத்துக்கொண்டது. குனிந்தபடியே நில் என்றான் கூட வந்தவன். நின்றேன். பத்தடி தூரத்தில் கூட்டுக்குள் சித்தப்பா காதில் குமிழோடு உட்கார்ந்திருக்கிறார். ஐயோ, நம்மால்தான் சாகப்போகிறார். பாவாடை நனைந்ததுகூட அப்புறம்தான் தெரிந்தது.

"என்ன சாமி இது?" என்று கேட்டான் கூட வந்தவன். அம்மா கையெடுத்துக் கம்பியைக் கும்பிட்டார். அதிகாரி கம்பியைச் சுற்றி நடந்தான். குனிந்திருந்ததால் எனக்குத் தரை நன்றாகத் தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம். நாள்தோறும் குடம் குடமாக ஊற்றிய தண்ணீரில் மண் கரைந்து, ஒரு சாண் நீளத்துக்குச் செம்பு வயர் பளபளவென்று வெளியே கிடந்தது. நேராகக் கோழிக்கூட்டைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அவனுடைய பூட்ஸ் அதற்கு இரண்டடி தள்ளி நின்றது, அப்புறம் ஓர் அடி.

"டேய்ய்ய்!" என்று ஒரு கத்தல். அடுத்த வீட்டு அத்தை தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஆடினார். ஆடியபடியே வந்து தொப்பென்று அந்த வயர்மேல் விழுந்து, சேற்றை வாரி வாரி மேலெல்லாம் பூசிக்கொண்டார். எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கிக் கடித்துத் துப்பினார். பெண்கள் குலவை போட்டார்கள். கூட வந்தவனும் நம் ஆள்தானே, அவன் முகம் வெளுத்துவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டு, அதிகாரியிடம் கை கால் ஆட்டி என்னவோ சொன்னான். அதிகாரி பின்வாங்கினான். சேறு தெறித்த பூட்ஸைப் புல்லில் தேய்த்தான். அந்த நேரத்தில் நான் துணியை உருவிக் கொடிமேல் வீசிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் சித்தப்பா நாலு முட்டையோடு வெளியே வந்து, தரையைத் தொடும் அளவுக்குக் குனிந்தார். இனிமேல் கூட்டம் கூடாது என்று எச்சரித்துவிட்டு, இரண்டு கோழிகளையும் அந்த நாலு முட்டைகளையும் வாங்கிக்கொண்டு போனார்கள். முட்டையை உடைத்துப் பார்த்திருப்பார்கள், பாவம்.

பெண்கள் கலைந்த பிறகு அத்தை எழுந்து உட்கார்ந்து வாய் கொப்பளித்தார். சாமி மலையேறிய களைப்பென்று அம்மா விசிறினார். அத்தை சித்தப்பாவைக் கிட்டே கூப்பிட்டார்.

"தம்பி, அதுல சயாம் பத்தி ஏதாச்சும் சொன்னானா?"

அம்மாவின் கையில் விசிறி நின்றது.

"எம்புருஷன் ரயில்வேல வயர் இழுத்தவரு. எனக்கு எர்த் தெரியாதா? நல்லாக் கேக்கட்டும்னுதான் தினம் தண்ணி ஊத்துனேன். சொல்லு தம்பி, சொன்னானா?"

சித்தப்பா எனக்குத் தெரிந்து பொய் சொல்லாதவர். லண்டனில் சொன்னதையெல்லாம் தினமும் அப்பாவிடம் ஒப்பிப்பார், நான் பக்கத்திலேயே இருப்பேன். எந்தெந்த ஊர்ச் சண்டையோ வரும். சயாமில் நம் ஆட்கள் என்று ஒருநாளும் வந்ததில்லை.

"சொன்னான்க்கா," என்றார் சித்தப்பா. "பாதை போடப் போனவங்கள்லாம் நல்லா இருக்காங்களாம்."

அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அன்று பொழுது சாய்வதற்குள், இந்த வீட்டில் ஒன்று அது இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். சித்தப்பா எதிர்த்துப் பேசவில்லை. பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த கண்ணாடிக் குமிழ்களை அம்மிக் குழவியால் நசுக்கி, எல்லாவற்றையும் மரவள்ளிக் குழியில் புதைத்தார். வயர்களையும் அங்கேயே புதைத்துவிட்டுக் கயிற்றுக்கொடி கட்டினார்.

மறுநாள் ஆறு மணிக்கு அவர் மறுபடியும் கூட்டுக்குள் போனார். முட்டை எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அத்தை குடத்தோடு வந்து கம்பிக்குத் தண்ணீர் ஊற்றினார். கூட்டுக்குப் பக்கத்தில் போய், "இன்னைக்கு என்ன தம்பி சொன்னான்?" என்று கேட்டார். தலையில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிக்கொண்டே வெளியே வந்த சித்தப்பா, "காய்ச்சலெல்லாம் கொறஞ்சிருச்சாம்க்கா," என்றார். அடுத்த நாள், ஆட்களுக்கெல்லாம் புதுக் கம்பளி கொடுத்தார்களாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரேயொரு முட்டைக்குப் பொய் சொன்னதற்காக முதுகில் விளக்குமாற்றால் வாங்கியவள் நான். இவர் மட்டும் தினம் ஒன்றாக அளக்கலாமா? நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, குழாயடியில் அத்தையிடம் போட்டு உடைத்துவிட்டேன்.

"அத்தை, உள்ள பெட்டியே இல்ல. ஒடைச்சுப் பொதைச்சுட்டாரு. சித்தப்பா சும்மா பொய் சொல்றாரு."

அத்தை குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்.

"தெரியும்டி. பொதைச்ச அன்னைக்கே வேலி வழியாப் பாத்தேனே."

"அப்புறம் ஏன் தினம் வந்து கேக்கறீங்க?"

அத்தை குடத்தை இறக்கி வைத்தார். எனக்குத் தெரியும் என்று உன் சித்தப்பாவிடம் சொல்லிவிடாதே என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அன்றும் ஆறு மணிக்கு வந்தார். கம்பிக்குத் தண்ணீர் ஊற்றினார். "என்ன தம்பி சொன்னான்?" என்றார்.

"சோத்துக்குக் கருவாடு போடுறாங்களாம்க்கா."

"கருவாடா! கருவாடுன்னா அவருக்கு உசுராச்சே," என்று அத்தை சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்துச் சித்தப்பாவும் சிரித்தார்.

இரண்டு பேருக்கும் மூளை குழம்பிவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டு, நான் கோழிகளை அடைக்கப் போனேன்.