சித்தப்பாவின் முறை நாள்

எனக்கு ஏழு வயதில், ஊரை விட்டு யாராவது கிளம்பினால் ஒரே கொண்டாட்டம். கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். பழவேற்காட்டு ஏரியில் இறால் நிறையப் படும் இடம் ஒன்றுதான். எங்கள் குப்பத்தில் வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து அங்கே வலை போடுவார்கள். எங்கள் முறை பன்னிரண்டு நாளைக்கு ஒருதரம் வரும். அன்றுதான் வீட்டில் இறால் குழம்பு. ஒரு வீடு காலியானால் முறை ஒரு நாள் முன்னால் வரும். எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

முதலில் போனவர்கள் நெசவாளர்கள். துணி வாங்க வந்துகொண்டிருந்த ஒல்லாந்தர் கப்பல்கள் நின்றுபோயின. அவர்கள் கோட்டையும் இங்கிலீஷ்காரர் கைக்குப் போனது. தறிகள் வண்டியேறின. மீன் வாங்க ஆளில்லாமல் போகவே, எங்கள் ஆட்களும் வீடு வீடாகத் தெற்கே சென்னப்பட்டணம் போனார்கள். கப்பல் சரக்கை அலை தாண்டிக் கரை சேர்க்க அங்கே படகுக்காரர்கள் தேவைப்பட்டார்களாம். இன்று பட்டணத்தில் ஒரு தெரு முழுக்க எங்கள் குப்பத்துப் பேச்சுத்தான். நானும் அங்கேதான் இருக்கிறேன்.

குப்பத்தில் ஐந்தே வீடு மிஞ்சியிருந்த ஒரு காலையில், தானும் பட்டணம் போவதாகச் சொல்லித் தன் முறையை விட்டுக்கொடுக்க ஊர்க்கூட்டத்தில் சித்தப்பா எழுந்து நின்றார். நைனாவுக்கு ஒரே தம்பி. என்னைத் தோளைவிட்டு இறக்காதவர்.

"இன்னாடா அவசரம்? மழை வரிக்கும் பாரேன்" என்றார் நைனா.

"பாத்தாச்சுண்ணா. எறா வாங்க ஆளே இல்ல. புள்ளைக்குக் கஞ்சி ஊத்தணுமே."

நான் விரல்விட்டு எண்ணி, கூட்டம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்: "சித்தப்பா போனா நமக்கு நாலு நாளுக்கு ஒருக்கா வரும் நைனா!"

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். சித்தப்பாதான் சிரித்துக்கொண்டே என்னைத் தூக்கினார். "ஆமாண்டி கண்ணு, எறா எல்லாம் உனக்குத்தான்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் நாலு நாளாகவில்லை. "அவன் மொறைய யாரும் எடுக்காதீங்க, வருவான்" என்று நைனா கூட்டத்தில் கேட்டு வாங்கிவிட்டார். சித்தப்பாவின் நாளான ஐந்தாம் நாள் அந்த இடத்தில் ஒரு வலையும் விழாது. மூன்று வீடு, இரண்டு வீடு என்று குப்பம் குறைந்தபோதும் அந்த நாளை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

துள்ளுகிற இறாலைச் சும்மா விடுகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வரும். நைனாவோ அன்றெல்லாம் வலையைத் தொடாமல் கரையில் உட்கார்ந்து, தெற்கே பார்த்துக்கொண்டிருப்பார். காற்று பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.