மத்தியானத்தில் மட்டும் கடித்த கம்பி

சூடான ரப்பரின் நாற்றம் எனக்கு இன்றும் பிடிக்காது. என் வேலையோ அந்த நாற்றத்தோடுதான். ஈப்போ நகரில் ஒரு சோதனைக்கூடத்தில், மின்கம்பிக்கு உறையாகப் போடும் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் சூடேற்றி, எந்தச் சூட்டில் எவ்வளவு மின்சாரம் கசிகிறது என்று அளக்கிறேன். கோபம்தான் என்னை இங்கே தள்ளியது.

சுங்காய் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், எனக்குப் பத்து வயதானபோது, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில், எங்கள் வீட்டின் கூரைத் தகரத்தோடு சேர்த்துக் கட்டிய கொடிக்கம்பியில் துணி காயப்போடும் அம்மாவை, மத்தியானமானால் "கரண்டு கடிக்கும்". காலையில் ஒன்றும் இருக்காது. தோட்டத்து வயர்மேன் காலை ஏழு மணிக்கு, தகரம் இன்னும் சில்லென்றிருக்கும்போது, கசிவு அளக்கும் "மெகர்" பெட்டியோடு வந்தார். முள்ளைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

"எல்லாம் பாகுஸ்லா அக்கா, நல்லாத்தான் இருக்கு. உங்க வீட்டுக்கு மட்டும் மத்தியானப் பேய் வருதா?"

லயமே சிரித்தது. "அவளுக்கு எப்பவும் கற்பனதான்லா," என்று அப்பாவும் சேர்ந்து சிரித்தார். மறுநாளிலிருந்து தண்ணீர்க் குழாயடியில் அம்மாவின் பெயர் "கரண்டக்கா".

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வாரம் மணி பார்த்துப் பள்ளிக்கூட நோட்டில் எழுதினேன்: காலையில் ஒன்றுமில்லை, பதினொன்றுக்குச் சுருக்கென்று, இரண்டு மணிக்குக் கை உதறும் அளவுக்கு. நோட்டை வயர்மேன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"ரெண்டு மணிக்கு வந்து அளங்க அண்ணே."

"வாய் பாரு இதுக்கு! வாரேன்லா. ஒண்ணும் இல்லன்னா அம்மாவும் மகளும் ஆபீஸ் பக்கமே வரக்கூடாது."

வந்தார். மெகர் முள் கசிவு இருக்கிறதென்று கீழே சரிந்தது. சிரிப்பு நின்றது. கூரைக்கடியில் ஏறிப் பார்த்தார். வீட்டுக்கு வரும் மின்கம்பியின் ஒட்டில் டேப்புக்குப் பதிலாக, ரப்பர் மரத்தின் வெட்டில் காய்ந்து கிடக்கும் "ஒட்டுப்பால்" சுற்றியிருந்தது. வெயிலில் அது இளகி, பிசுபிசுத்து, தகரத்தில் அப்பிக் கிடந்தது.

"யாருலா இதச் சுத்துனது?"

அப்பா தரையைப் பார்த்தார்.

"ரப்பர்ல கரண்டு போகாது" என்று தோட்டமே நம்பிய காலம் அது. ஈரமும் அழுக்கும் ஊறிய பச்சை ரப்பர் வேறு, கம்பிக்கென்று பதப்படுத்திய ரப்பர் வேறு என்று பால் வெட்டிய கைகளுக்கு யார் சொன்னார்கள்? அந்தத் தவற்றை மன்னிக்கலாம். ஆபீஸுக்குச் சொந்தமான கம்பியில் தானே ஒட்டுப்போட்டது தெரிந்துவிடும் என்று அப்பா மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு, மனைவியைக் கடிக்க விட்டு, ஊரோடு சேர்ந்து சிரித்ததை எந்தக் கணக்கில் வைப்பது?

அம்மா அப்பாவிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "கடிச்சது கரண்டு இல்ல. நீங்கதான்."

இப்போது அந்த லயம் இல்லை, ரப்பர் மரங்களும் இல்லை, எண்ணெய் எடுக்கும் செம்பனைதான் நிற்கிறது. ஒட்டுப்பால் என்றால் பிறகு பிறந்த என் தம்பிக்குத் தெரியாது. நாங்கள் ஈப்போவில் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீட்டில் இருக்கிறோம். பேச்சு வந்தால் அப்பா இன்றும், "அன்னிக்கு வெயில் ரொம்பலா" என்பார். அம்மா ஈரத்துணி வாளியைக் கொண்டுவந்து, இனி அவரே காயப்போடட்டும் என்று அவர் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்.