மருந்தென்று மென்ற நாரத்தங்காய்

இதய நோய் எனக்குப் புதிதன்று. ஆயினும் உலகப் போர் முடிந்த அந்த ஆண்டில், பத்தடி நடந்தாலே மூச்சு இரைத்தது, கால்களும் வீங்கின. அரியலூர் மருத்துவர் உப்பை அறவே நீக்கச் சொன்னார். நீக்கினேன், இரைப்பு நீங்கவில்லை. செந்துறையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு மறுபடியும் சென்றேன். "உப்பு சேக்கிறீங்களா?" என்று பழைய கேள்வியையே கேட்டார். எனக்கு எரிச்சல் மூண்டது.

வீடு திரும்பியதும் அது மனைவிமேல் பாய்ந்தது.

"எனக்குத் தெரியாம கஞ்சியில உப்புப் போடுறியா?"

"சத்தியமா ஒரு கல்லுகூடப் போடலீங்க. நானும் அதைத்தானே குடிக்கிறேன்" என்று அழுதாள். நான் நம்பவில்லை. உப்புச் சாடியை என் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

மூன்றாம் முறை, மருத்துவர் அறை வாசலில் குமட்டியது. மடியிலிருந்த நாரத்தங்காய்த் துண்டொன்றை வாயில் அடக்கினேன். கம்பவுண்டர் பார்த்துவிட்டார்.

"வாயில என்னங்கய்யா?"

"உப்பு நாரத்தங்காய். கஞ்சிக்கும் தினம் இதுதான். நோயாளிக்கு நல்லதாச்சே."

"நல்லா இருக்கு போங்க! கஞ்சியில உப்பில்லேன்னுட்டு, வாயில உப்பளத்தையே வச்சிருக்கீங்களே!"

நோயுற்றவர்க்கு நாரத்தங்காய் மருந்து என்றே கேட்டு வளர்ந்தவன் நான். அதை உப்பின் கணக்கில் ஒருபொழுதும் சேர்த்ததில்லை.

அன்றே நிறுத்தினேன். சில வாரங்களில் வீக்கம் வடிந்தது; மூச்சும் சீரானது. சாடியைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் அதை வாங்கி அடுப்படியில் பழைய இடத்திலேயே வைத்தாள். காரணம் தேடி மூன்று முறை அரியலூர் சென்றவனுக்கு, அடுப்படிவரை சென்று "தப்பு என்னுதுதான்" என்று சொல்ல இன்றளவும் கால் எழவில்லை.