முந்தின நாள் உப்புத் தண்ணீர்

போன சனிக்கிழமை மாலை தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். கீழ்த்தட்டு முழுவதையும் ஒரு பெரிய டப்பா அடைத்துக்கொண்டிருந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தால், கலங்கிய தண்ணீரில் கோழித் துண்டுகள் மூழ்கிக் கிடந்தன. மேலே கொஞ்சம் மிளகும் ஒரு பிரிஞ்சி இலையும் மிதந்தன. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு ஃபிரிட்ஜில் எதைப் பார்த்தாலும் ஒரு கருத்து இருக்கும். கறியைக் கழுவிவிட்டுத் தண்ணீரை வடிக்க மறந்துவிட்டாயே என்று மருமகள் கவிதாவிடம் சொல்லப் போனேன்.

அவள் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கழுவின தண்ணி இல்ல மாமா, உப்புத் தண்ணி. நைட்டு பூரா ஊறினாதான் நாளைக்கு கிரில்ல வெக்கும்போது உள்ள காயாது. அத்தை சொன்ன அளவுதான்."

"எந்த அத்தை?"

இப்போது தூக்கினாள். "என்ன மாமா, நம்ம அத்தைதான். கல்யாணமான புதுசுல சொல்லிக் குடுத்தாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொன்னால் பாதிப் பொய். பால்கனிக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன்.

நான் கோழி சுடுவதில் ஒரு காலத்தில் பேர் வாங்கியவன். நீங்கள் நம்ப மாட்டீர்கள். இன்று டீயைச் சூடு பண்ணக்கூட மருமகளைக் கூப்பிடுகிறேன். அப்போது ஆஸ்டின் டவுனில் குடியிருந்தோம். முன்னால் இரண்டு அறை, நடுவில் சமையலறை, பின்பக்கம் துணி துவைக்கும் கல்லும் கொஞ்சம் வெற்றிடமும். அரசாங்க அலுவலகத்தில் வேலை. ஒவ்வொரு டிசம்பரிலும் கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அலுவலக நண்பர்கள் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். தார் டிரம் ஒன்றை நீளவாக்கில் பாதியாக வெட்டி, செங்கல் மேல் நிறுத்தி, பழைய ஜன்னல் கம்பியை மேலே போட்டிருந்தேன். அதுதான் என் அடுப்பு, என் மேடை என்றும் சொல்லலாம். கரியை எப்போது விசிற வேண்டும், சூடு எப்படிப் பரவுகிறது என்றெல்லாம் இடுக்கியை ஆட்டி ஆட்டி விளக்குவேன். கல்லூரியில் இயற்பியல் படித்தது அந்த ஒரு நாளுக்குத்தான் பயன்பட்டது.

வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. குடகு ஆரஞ்சு வரத்து தொடங்கும் மாதம் அது. என் மனைவி சரோஜா தோலை வீணாக்க மாட்டாள். மாடியில் காயவைத்து, பேடகி மிளகாய், மிளகு, பூண்டோடு சேர்த்து இடித்து, நார்த்தங்காய்ச் சாற்றில் குழைப்பாள். அதைத் துண்டுகளின் மேல் தேய்த்து வைத்தால் தெருமுனை வரைக்கும் தெரியும். நெருப்பில் அந்தத் தோல் கருகும்போது வரும் கசப்பு மணத்துக்கே பக்கத்து வீட்டுப் பையன்கள் சுவரில் ஏறிவிடுவார்கள்.

ஆனால் கடித்தவர்கள் சொன்னது மசாலாவைப் பற்றி இல்லை. "எப்படிடா மச்சான், வெளிய இப்படி கருகியிருக்கு, உள்ள சாறா இருக்கு?" என்பான் தேவராஜ். அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசைக்காரன், வீடு விவேக் நகரில். நெருப்பைப் பார்த்துக்கொண்டே, "எல்லாம் கை" என்பேன்.

சனிக்கிழமை ராத்திரிகளில் துவைக்கிற கல்லின் மேல் ஓர் அலுமினியக் குண்டான் மூடியிருக்கும். பூனைக்குப் பயந்து மூடியின் மேல் குழவி. எங்களிடம் ஃபிரிட்ஜ் கிடையாது, அந்தக் காலத்து டிசம்பர் குளிரே போதும். காலையில் பல் துலக்கப் போகும்போது அதை நகர்த்தச் சொல்லி வருஷா வருஷம் அலுத்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே கோழி இருக்கிறது என்று தெரியும். ஏன் தண்ணீரில் இருக்கிறது என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பாதிப் பொய் என்றேனே, அது இதுதான்.

ஒரு வருஷம் எங்கள் மேலதிகாரியை அழைத்திருந்தேன். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் புரியும். ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "சக்கத்தாகிதே கண்ரீ, பிரமாதம். இவ்ளோ மெத்துனு எப்படி வந்துது?" என்றார். வெங்காயத் தட்டோடு சமையலறை வாசலில் நின்ற சரோஜா, அவர் தன்னைப் பார்த்துக் கேட்டதாக நினைத்துக்கொண்டாள். "அது சார், முந்தின நாளே உப்புத் தண்ணில..." என்று ஆரம்பித்தாள்.

"நீ தட்ட வெச்சுட்டு உள்ள போ. நெருப்பப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளும் சிரித்த மாதிரிதான் இருந்தது. தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

அவள் போய் ஆறு வருஷமாகிறது. இதைச் சண்டையாக அவள் ஒருநாளும் எடுத்ததில்லை. அதனாலேயே நான் மறந்திருந்தேன்.

ஞாயிறு மதியம் தேவராஜும் அவன் மனைவி மேரியும் சாப்பிட வந்தார்கள். பால்கனியில் மின்சார கிரில்லுக்கு முன்னால் கவிதா நின்றாள். என் மகன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். தேவராஜுக்குப் பல் குறைந்துவிட்டது, ருசி குறையவில்லை. "உன் கைதான்டா. அப்படியே மருமகளுக்கு வந்திருக்கு" என்றான்.

"அது என் கை இல்லடா. என்னைக்குமே இல்ல. முந்தின நாள் சரோஜா உப்புத் தண்ணில ஊறவெச்சதாலதான் அப்படி இருந்துது. அன்னைக்கு அவ சொல்ல வந்தா, நான் விடல."

மேரி தட்டிலிருந்து நிமிரவில்லை. "ஆபீசர் வந்தாரே, அதுக்கு அடுத்த வருஷம் கறி எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்காண்ணா?"

இருந்தது. கட்டை மாதிரி இருந்தது. கிழக்கோழியைத் தலையில் கட்டிவிட்டார் என்று மறுநாளே பாஷா பாயின் கோழிக்கடைக்குப் போய், நாலு பேர் முன்னால் கத்திவிட்டு வந்தேன். "நம்ம கோழி அப்படி இல்ல சார்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அதன் பிறகு அந்தக் கடைப் பக்கம் போகவில்லை.

"அந்த வருஷம் அவ உப்புத் தண்ணி போடல, வேணும்னே. 'எல்லாத்தையும் அவரோட நெருப்பே பாத்துக்கட்டும் மேரி'ன்னா."

"அப்புறம் ஏன் மறுபடி போட்டா?" என்று கேட்டேன்.

"'அவருக்குப் புரியவே இல்ல, வந்தவங்கதான் பாவம், மென்னு மென்னு தாடை நொந்து போனாங்க'ன்னா."

தேவராஜ் மெல்லுவதை நிறுத்திவிட்டான். "எங்கிட்ட ஏன்டி சொல்லல நீ?"

"உங்ககிட்டயா? அன்னைக்கு முதல்ல சிரிச்சதே நீங்கதான்" என்றாள் மேரி.

கவிதா வந்து எல்லோருடைய தட்டிலும் இன்னொரு துண்டு வைத்தாள். சாப்பிட்டோம். அன்று நான் சொன்னதற்கு சரோஜா ஒரு வருஷம் முழுக்கக் காத்திருந்து பதில் சொல்லியிருக்கிறாள். நானோ அதைக் கோழிக்கடைக்காரர் மேல் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

திங்கட்கிழமை ஓர் ஆட்டோ பிடித்து ஆஸ்டின் டவுன் போனேன். என்ன எண்ணத்தில் போனேன் என்று தெரியவில்லை. எங்கள் வீடு இருந்த இடத்தில் நாலு மாடி எழும்பியிருக்கிறது. பின்பக்கம் முழுக்க ஸ்கூட்டர்கள். பாஷா பாயின் கடை இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர். அவரைப் பற்றிக் கேட்டேன், அந்தப் பெயரையே அவர்கள் கேள்விப்பட்டதில்லை. அன்று பின்பக்கத்தில் நின்று சாப்பிட்ட ஆண்களில் இன்று நானும் தேவராஜும்தான் இருக்கிறோம். மேலதிகாரி போய்விட்டார், மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசிவரைக்கும் அந்தக் கோழியை என் கைப்பக்குவம் என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இரண்டு பேரின் இரங்கல் கூட்டத்தில்கூட அந்தப் பேச்சு வந்தது. நான் எழுந்து நன்றி சொன்னேன்.