வேங்கைக்கொல்லை சொன்ன பதில்

பூவிழி இப்போது போளூரில் ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறாள். நல்ல டீச்சர் என்று பெயர். பிஎச்.டி. என்ற பேச்சை மட்டும் அவளிடம் யாரும் எடுப்பதில்லை. அவளுடைய ஆய்வுக்கு ஓர் ஊரே சேர்ந்து உதவி செய்தது. அவளுக்கு வந்த வினையே அதுதான்.

அந்த ஊர் வேங்கைக்கொல்லை, ஜவ்வாது மலைமேல். அங்கிருந்து கீழே இறங்கி எம்.ஏ. வரை போன முதல் பெண் பூவிழி. கடைசி வருடம் ஆளுக்கொரு ஆய்வுக் கட்டுரை எழுதிக் கல்லூரிக் கருத்தரங்கில் வாசிக்க வேண்டும். பிரசவ வலி கண்ட மலைப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதை அவள் எடுத்துக்கொண்டாள். வழிகாட்டியான ஷோபனா மேடத்துக்குத் தலைப்பு ரொம்பப் பிடித்துவிட்டது. "இது நல்லா வரட்டும், பிஎச்.டி.க்கு என்கிட்டயே சேர்த்துக்கிறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையை மடியில் கட்டிக்கொண்டுதான் பூவிழி மலையேறினாள்.

வேங்கைக்கொல்லையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாள் வந்து எதைக் கேட்டாலும், ஊர் முதலில் காளி கோயில் முன்னால் கூடிப் பேசும். ஊர்க்கவுண்டர் ஒரு பதிலைச் சொல்வார். அதற்குப் பிறகு எல்லா வாயிலும் அந்தப் பதில்தான். எப்போதோ காட்டு இலாகா ஆள் வந்து கேட்டதற்கு ஆளுக்கொன்றாக உளறி, ஆண்பிள்ளைகள் பாதிப் பேர் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்தார்களாம். அதிலிருந்து இந்த ஏற்பாடு. பூவிழிக்கு இது தெரியாததா? தெரியும். தான் வெளியாள் இல்லையே என்று நினைத்துவிட்டாள், பாவம். கேள்வித்தாளும் பேனாவுமாக வாசலில் வந்து நிற்பவள், பெற்ற பிள்ளையானாலும் ஊருக்கு வெளியாள்தான்.

வீடு வீடாகப் போனாள். காபித் தண்ணி கொடுத்து, பாய் போட்டு உட்காரவைத்து, அத்தனை பெண்களும் சிரித்த முகமாகச் சொன்னார்கள்: "பஸ்லதான் போனோம். ஒரு கொறையும் இல்ல." அவள் அம்மா அம்மாக்கண்ணுவும் அதையேதான் சொன்னாள். பூவிழி சந்தோஷமாக எழுதிக்கொண்டாள்.

ஹாஸ்டலில் உட்கார்ந்து அட்டவணை போடும்போதுதான் உறைத்தது. ஊருக்கு பஸ் வந்ததே அவள் ஒன்பதாவது படிக்கும்போது! அதற்கு முன்னால் பெற்றவர்கள் எந்த பஸ்ஸில் போனார்கள்? அம்மா எந்த பஸ்ஸில் போய் அவளைப் பெற்றாள்? வெட்கமும் கோபமுமாக மேடத்திடம் ஓடினாள்.

"இதுக்கா இப்படி வேர்த்துப் போயிருக்கே?" என்றார் ஷோபனா. "பஸ் வந்த பிறகு பெத்தவங்களை மட்டும் வச்சுக்கோ. மத்ததை எடுத்துடு."

"அதுவும் பொய்தாங்க மேடம். என் ஃப்ரெண்டு அம்சவல்லி போன வருஷம் பஸ்ஸுக்குக் காத்திருந்தே புளியந்தோப்புல பெத்துட்டா. நான் கூட இருந்தேன். அவளும் பஸ்லதான் போனேன்னு சொல்றா."

"இப்படியெல்லாம் பார்த்தா நாட்டுல ஒருத்தரும் கட்டுரை எழுத முடியாதும்மா."

கருத்தரங்கில் பூவிழி மேடையேறினாள். இந்தப் பதில்கள் ஊர் கூடித் தீர்மானித்துத் தனக்காகச் சொன்னவை, இவற்றை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்று வாசித்தாள். "அப்போ எதுக்கும்மா வந்தே?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். அரங்கம் சிரித்தது. மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே வந்ததும், "மறுபடி போய் ஒழுங்கா கேட்டுட்டு வா. இல்லேன்னா பிஎச்.டி.யை மறந்துடு" என்றார்.

இந்த முறை அவள் நேராக ஊர்க்கவுண்டர் கோபால்சாமியிடம் போனாள். அவர் அவளுக்குப் பெரியப்பா முறை.

"பெரீப்பா, அவங்கவங்களுக்கு நடந்தத அவங்கவங்க வாயால சொல்லட்டும். அதான் வேணும்."

கிழவருக்கு முகம் சுண்டிவிட்டது. "உனுக்கு மார்க்கு வர்ணும், ஊரு மானமும் போவக்கூடாதுன்னுதான கண்ணு அப்டி சொன்னோம்? நாங்க இன்னா கெடுதலா பண்ணோம்?" சற்று யோசித்தார். "சரி வுடு. நெசந்தான ஓணும் உனுக்கு? பேசிட்டு சொல்றோம்."

மறுபடியும் ஊர் கூடப்போகிறது என்று பூவிழிக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். ஊர் கூடிவிட்டது. மறுநாள் முதல் வீட்டில், "டோலி கட்டித்தான் தூக்கினு போனாங்க. ரொம்ப கஷ்டப்பட்டோம்" என்றார்கள். கம்பளியை மூங்கிலில் கட்டி ஆளைத் தூக்கிப் போவதுதான் டோலி. அடுத்த வீட்டிலும் டோலி. அதற்கடுத்த வீட்டிலும் அதே டோலி, அதே கஷ்டம், ஒரு சொல் மாறவில்லை. அம்சவல்லியும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு டோலி என்றாள்.

"இன்னாடி இது? நான்தான கூட இருந்தேன்?"

"தெரியும்டி. ஊரே ஒண்ணு சொல்றப்போ நான் மட்டும் தனியா ஒண்ணு சொன்னா நாளைக்கு எம் மூஞ்சில முழிப்பாங்களா? எழுதிக்கோடி, உனுக்கோசரம்தான்."

அவர்கள் அன்பின் முன்னால் அவளால் என்ன செய்ய முடியும்? அழுகைதான் வந்தது. தாள்களைப் பையில் திணித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அம்மா அடுப்பில் சாமைச் சோறு கிண்டிக்கொண்டிருந்தாள். பூவிழி பையை வெளியிலேயே வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ம்மா, கட்டுரை போய்த் தொலையட்டும். இது எனக்கு மட்டும் சொல்லு. எனக்கு முன்னாடி ஒரு அண்ணன் பொறந்து செத்துட்டான்னு சொல்வியே. அவன் எங்கம்மா செத்தான்? வூட்லயா, வழிலயா?"

அம்மாக்கண்ணுவின் கரண்டி நின்றது. கண் கலங்கி வழிந்தது, அவள் துடைத்துக்கொள்ளவில்லை. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"டோலி கட்டித்தான் தூக்கினு போனாங்க" என்றாள். "ரொம்ப கஷ்டப்பட்டோம்."

அது நடந்ததா, ஊர் சொல்லச் சொன்னதா என்று பூவிழிக்குத் தெரியவில்லை. அம்மா மறுபடி சோற்றைக் கிண்டத் தொடங்கினாள்.