காலுக்குள் போன சத்தம்

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இஸ்திரி வண்டி போட்டு நானும் என் வீட்டுக்காரரும் பிழைக்கிறோம். நாள் முழுக்க நின்றபடி வேலை. என் இடது காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு, கணுக்காலுக்கு மேலே தோல் கருத்துப்போயிருந்தது. சொறிந்த இடம் புண்ணாகி, மாசக்கணக்கில் ஆறவே இல்லை. கனகம்மாசத்திரத்தில் என் பெரியப்பாவுக்கும் இப்படிப் புண்ணில் ஆரம்பித்துத்தான் கடைசியில் காலை எடுத்தார்கள். அவருக்குச் சர்க்கரை, எனக்கு இல்லை. டாக்டர் அதை எத்தனை முறை சொல்லியும் மனசில் இறங்கவில்லை.

பாதத்தில் நாடி பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார். "ரத்தம் மேல ஏறாம கால்லயே தேங்குதும்மா. இறுக்கமா கட்டுப் போடறதுதான் வைத்தியம். கூடவே அல்ட்ராசவுண்டும் குடுத்துப் பாக்கலாம்."

அல்ட்ராசவுண்டு என்றால் மகள் வயிற்றில் இருந்தபோது எடுத்த ஸ்கேன்தான் எனக்குத் தெரியும். எலும்பு அழுகிவிட்டதா என்று பார்க்கப்போகிறார்கள், நம்மிடம் மறைக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

"பாவா, கால எடுக்கணும்னா நீ கையெழுத்து போட்றாத" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"இன்னாத்துக்கு அப்படியே பேசிகினு வர? யாரு சொன்னாங்க?" என்றார். அவர் குரலும் சரியாக இல்லை.

பிசியோதெரபி அறையில் ஒரு பெண் கட்டைப் பிரித்தாள். புண்ணைச் சுற்றி சில்லென்று ஜெல் தடவி, கைப்பிடி வைத்த ஒரு வில்லையை அதன்மேல் வட்டமாக ஓட்டினாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"படம் எங்கம்மா தெரியும்?"

"இது படம் எடுக்கறது இல்லக்கா. சத்தத்த உள்ள அனுப்புது. காதுக்குக் கேக்காது."

கேட்காத சத்தம் காலுக்குள் ஓடுகிறது என்றதும் இன்னும் பயமாகிவிட்டது. திடீரென்று ஓரிடத்தில் சுட்டது. காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அவள் உடனே கையை எடுத்து, மிஷினைக் குறைத்தாள்.

"சுட்டா சொல்லிடணும்க்கா. பொறுத்துக்கக் கூடாது."

"இதுல ஆறிடுமா?"

"சில பேருக்கு ஆறுது. இதனாலதான் ஆச்சுன்னு உறுதியா சொல்ல முடியாது. கட்ட மட்டும் அவுத்துடாதீங்க."

ஆறிவிடும் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

வாரா வாரம் போனோம். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் பஸ் நகராமல், காவடிகளுக்கு நடுவே பாவாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே போய்ச் சேர்ந்தேன். யாராவது காலை மிதித்துவிடுவார்களோ என்று வழியெல்லாம் உயிர் போய் உயிர் வந்தது. இஸ்திரி வண்டியில் பாவா நின்று தேய்த்தார். நான் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு துணி மடித்தேன். கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன். நாற்றம் வருகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

மழைக்காலம் முடிவதற்குள் புண் மூடிவிட்டது. கட்டினாலா, மிஷினாலா என்று கேட்டேன். கட்டுதான் பெரும்பாலும் என்றார் டாக்டர். திரும்ப வரலாம், இனி கட்டுக்குப் பதில் இறுக்கமான காலுறை, அதை விடாதீங்க என்றும் சொன்னார். ராத்திரி அந்த இறுக்கமான உறையைக் கழற்றும்போது பாவாவைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

"ஒண்ணும் இல்ல, தூங்கு" என்கிறார்.

அதற்குப் பிறகும் ஒருமுறை நானே தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.