ஓடையோரத்துச் சுரங்கப்பாதை

பெயர்தான் சின்னப்பையன், வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ரேஷன் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரோ ஒரு பொடியன் எழுந்து வரப்போகிறான் என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நரைத்த மீசையோடு அவர் எழுந்து வருவார். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. உலகத்தில் வருத்தப்பட வேறு விஷயமா இல்லை?

வெள்ளானூருக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் அவர் வீடு. வாலிபத்தில் அடுத்தவர் வயலில் சேறு மிதித்தார். வயலெல்லாம் மனையாகிப் போன பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிக்கு லோடு ஏற்றினார். இடுப்பு பிடித்துக்கொண்டதும் அதுவும் போயிற்று. மனைவி சொர்ணம்தான் ஆவடி குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை செய்து குடும்பத்தை இழுத்துப் பிடித்தாள். மகன் பூபாலனை ஐ.டி.ஐ. படிக்க வைத்ததும் அவள் கைதான்.

பூபாலனுக்கு மூத்தது ஒரு பெண். வடிவு என்று பெயர். பேச்சு திருத்தமாக வரத் தொடங்கிய வயதில் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய வழியிலேயே போய்விட்டது. ஓடைக்கு அந்தப் பக்கம் காலனிக்காரர்களின் சுடுகாடு. பெயர் சுடுகாடு, பழக்கம் புதைப்பது. அங்கே ஒரு பூவரச மரத்தடியில் குழந்தையைப் புதைத்தார்கள். தை பிறந்தால் சொர்ணம் ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு அங்கே போய்விடுவாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பிஸ்கட்டை அங்கே விளையாடும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வருவாள்.

அவள் புருஷனிடம் நகை கேட்டதில்லை, புடவை கேட்டதில்லை. கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் எப்போதோ ஒரு முறை, கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"நான் பூட்டன்னா வேற எங்கயும் இட்டுனு பூடாதய்யா. எம்பொண்ணு பக்கத்துல வச்சிடு. அது தனியா கீது."

சரி என்று சொல்லியிருந்தார். சொல்வதற்கு அதில் என்ன சிரமம் இருந்தது அன்றைக்கு?

பிறகுதான் அந்த ரயில் பாதை வந்தது. துறைமுகத்திலிருந்து வடநாட்டின் கோடி வரைக்கும் சரக்கு வண்டிக்கென்றே தனியாக ஒரு பாதை. ஆள் ஏற முடியாது, ஸ்டேஷன் கிடையாது, டிக்கெட் கிடையாது. மனுஷன் ஏறாத வண்டிக்கு மனுஷன் எதற்கு நிலம் கொடுக்க வேண்டும் என்று காலனியில் கொஞ்ச நாள் சத்தம் இருந்தது. அப்புறம் அடங்கிவிட்டது. சத்தம் போடுகிறவர்களுக்கு மறுநாள் வேலைக்குப் போக வேண்டுமே.

சின்னப்பையனுக்கு அந்தப் பாதையிலேயே வேலை கிடைத்தது. கான்கிரீட் ஸ்லீப்பர்களுக்குக் காவல் இருப்பது, மிஷின் வரும்போது சிவப்புக் கொடி பிடித்துக்கொண்டு நிற்பது. அப்படி ஒரு மிஷினை அவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை. முன்னால் ஸ்லீப்பர்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே போகும், பின்னாலேயே தண்டவாளத்தை இழுத்து அதன் மேல் படுக்க வைத்துக்கொண்டே போகும். லோடு தூக்கித் தூக்கி முதுகு தேய்ந்த மனிதர் அதன் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பீகார்ப் பையன்கள் அவரை 'சாச்சா', அதாவது சித்தப்பா, என்று கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், இங்கே ஏற்றுகிற பெட்டியை டெல்லிக்கு அந்தப் பக்கம் போய்த்தான் இறக்குவார்களாம் என்று தானே சம்பந்தி வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி சொல்வார். சொர்ணம் சிரிப்பை அடக்கிக்கொண்டு சோறு போடுவாள்.

பாதை காலனியையும் சுடுகாட்டையும் இரண்டாகப் பிரித்தது. இரண்டு பக்கமும் கம்பி வேலி, தலைக்கு மேலே கரண்டுக் கம்பி. கடப்பதற்கு ஒரு வழி விடுவோம், ஆனால் ஒன்றுதான் விட முடியும் என்றார்கள். எங்கே வேண்டும் என்று கேட்பதற்கு மதிவதனி என்ற இளம் இன்ஜினியர் வந்தாள். வந்து, கேட்டது போதாதென்று, பதிலுக்காகக் காத்திருக்கவும் செய்தாள். அதிகாரிகளில் அப்படி ஒருத்தியைக் காலனி அதுவரை கண்டதில்லை.

அவள் காட்டிய இடம் செல்லியம்மன் கோயில் மேடு. அங்கே மேட்டைக் குடைந்து ரயில் கீழே போகும், மேலே பாலம் போட்டுவிடலாம், எந்த மழைக்கும் சொட்டுத் தண்ணீர் நிற்காது என்றாள். இன்னொரு இடம் ஓடையோரம். அங்கே ரயில் போகிற கரை உயரம், கீழே சுரங்கப்பாதைதான் முடியும்.

கூட்டத்தில் எல்லோரும் சின்னப்பையனைப் பார்த்தார்கள். ரயில்காரர்களோடு பழகியவர், பேசத் தெரிந்தவர். அவரும் எழுந்து, தோளில் இருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பணிவாகத்தான் பேசினார். அம்மன் முகத்துக்கு எதிரே சாவு போகிற வழக்கம் தங்களுக்குக் கிடையாது. காலனி உண்டான நாளிலிருந்து பாடை ஓடையோரமாகத்தான் போகிறது. பாலம் கோயில் மேட்டில் என்றால் பிணத்தை எப்படி எடுத்துப் போவது என்று கேட்டார். ஓடையில் தண்ணீர் வருமே ஐயா என்று அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். தண்ணீரைத் தாங்கள் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம், தண்ணீர் இறைக்க ஒரு மோட்டார் போட்டுக் கொடுத்துவிடுங்கள் போதும் என்றார் அவர். கூட்டம் கைதட்டியது. ஊர் விருப்பம் அதுவானால் அப்படியே ஆகட்டும் என்று அவள் எழுதிக்கொண்டு போனாள்.

அன்றைக்கு வீட்டில் சொர்ணத்துக்குப் பெருமை தாங்கவில்லை. புருஷன் பேசி ஒரு காரியம் நடந்ததை அவள் முதல் தடவையாகப் பார்க்கிறாள். அன்று அவருக்கு முட்டை பொரித்துப் போட்டாள்.

சுரங்கப்பாதை வந்தது, மோட்டாரும் வந்தது. முதல் மழைக்கு மோட்டார் நன்றாகவே ஓடியது. அப்புறம் பாதை வேலை முடிந்து கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போயிற்று. பீகார்ப் பையன்கள் போனார்கள், மதிவதனிக்கு மாற்றலாயிற்று, சின்னப்பையனின் கொடியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மோட்டார் ரூமுக்கு ஒரு பூட்டு மட்டும் மிஞ்சியது. சாவி யாரிடம் என்று கேட்டால், ஒருவர் இன்னொருவரைக் கை காட்டினார்.

சொர்ணம் போனது அடைமழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்த ஒரு நாள் காலையில். துணி உலர்த்தப் போனவள் துணிக்கொடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. சின்னப்பையன் ஓடி வந்து தூக்கியபோது ஈரப் புடவை இன்னும் அவள் தோளில் இருந்தது.

அழுது ஓய்வதற்குள் ஆகவேண்டியது ஆரம்பித்துவிட்டது. சொர்ணத்தின் தம்பி தங்கராஜ் போய்ச் சுரங்கப்பாதையைப் பார்த்துவிட்டு, தண்ணீர் முழங்கால் அளவுதான், தாராளமாகப் போகலாம் என்றான். அந்தப் பக்கம் பூவரச மரத்தடியில் குழி வெட்ட ஆட்களையும் அனுப்பிவிட்டு வந்தான். மதியத்துக்கு மேல் பாடையை எடுத்தார்கள். மேளம் முன்னால் போனது. கொள்ளிச்சட்டியோடு பூபாலன் போனான். சின்னப்பையன் தள்ளாடிக்கொண்டு பக்கத்திலேயே நடந்தார்.

ஓடையோரம் வந்ததும் மேளம் நின்றுவிட்டது.

ஓடைக்கு மேலே இருக்கிற ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கலங்கல் வழியாக இறங்கியிருக்கிறது. வந்த தண்ணீருக்குச் சுரங்கப்பாதையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. காலையில் முழங்கால் அளவு இருந்தது இப்போது ஆள் முழுகும் போல் நின்றது. செருப்பு ஒன்று மிதந்தது. மோட்டார் ரூம் பூட்டை ஒருவன் கல்லால் உடைத்தான். உள்ளே கரண்டே இல்லை.

வீட்டை விட்டு எடுத்த பிணத்தைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. இறக்கி வைக்கிற இடம் தவிர வேறெங்கும் பாடையைத் தரையில் வைக்கவும் கூடாது. அதனால் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டே நின்றார்கள். சின்னப்பையன் தெரிந்த எண்களுக்கெல்லாம் போன் செய்யச் சொன்னார். பாதை வேலையில் இருந்த பழைய சூப்பர்வைசர் தமிழரசு மட்டும் எடுத்தான். அவன் இப்போது மராட்டியத்தில் எங்கோ இதே மாதிரி இன்னொரு பாதை போட்டுக்கொண்டிருந்தான். அக்காவா, அந்தக் கையால் சாப்பிட்டிருக்கிறேனே என்று அழுதான். அழத்தான் முடிந்தது அவனால்.

கரை மேல் ஏறி வேலிச் சந்தில் நுழைந்து தண்டவாளத்தைக் கடக்கலாம் என்று பார்த்தால், அங்கே ஒரு கூட்ஸ் நின்றுகொண்டிருந்தது. பெட்டிக்கு மேல் பெட்டி அடுக்கிய கன்டெய்னர் வண்டி. தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை. கொள்ளிச்சட்டியை மாமன் கையில் கொடுத்துவிட்டு பூபாலன் கரையோரமாகவே இன்ஜின் வரை ஓடினான். டிரைவர் நல்ல மனிதர்தான். இறங்கி வந்து கேட்டார். சிக்னல் எங்கோ தூரத்து ஊரில் ஒரு அறையில் இருந்து விழுகிறது, இந்த நிமிஷமும் விழலாம், ராத்திரியும் விழலாம், விழுந்தால் ஒரு நொடி நிற்க எனக்கு உரிமையில்லை என்று கையை விரித்தார். பூபாலன் மூச்சு வாங்கத் திரும்பி வந்து அதைச் சொன்னான்.

வண்டிக்கு அடியில் நுழைந்து போய்விடலாம் என்றான் தங்கராஜ். பாடையைச் சாய்த்துக் கொடுத்தால் அந்தப் பக்கம் நாலு பேர் இழுத்துக்கொள்ளலாம். அந்தப் பக்கம் குழி வெட்டியவர்கள் சக்கரங்களுக்கு நடுவே குனிந்து, வாங்க வாங்க என்று கையசைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கால்களுக்குப் பின்னால் பூவரச மரம் தெரிந்தது. வெட்டிப் போட்ட மண் கூடத் தெரிந்தது.

இளவட்டங்கள் நாலு பேர் ஜல்லியில் ஏறிவிட்டார்கள். சின்னப்பையன் முன்னால் போய்க் கையை விரித்துக் குறுக்கே நின்றார். கொடி பிடித்து நின்ற அதே நிற்பு. இந்த வண்டி சத்தம் கொடுக்காமல் நகரும் என்பது இவர்கள் எல்லோரையும் விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"மாமா, உடு மாமா. அக்கா கேட்டது அது ஒண்ணுதானே."

"தெரியும்டா. எங்கிட்டதான் கேட்டா. ஒரு பொணத்த எடுத்துகினு வந்து அஞ்சு பொணமா திரும்ப சொல்றியா? எறங்குங்கடா."

இறங்கினார்கள். இறங்கச் சொன்ன வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கவும் முடியவில்லை.

இருட்டுக்கு முன் ஏதாவது செய்ய வேண்டும். சுற்றிக்கொண்டு போனாலும் அந்தப் பக்கச் சுடுகாட்டுக்கு வண்டி போகிற ரோடு கிடையாது. யாரோ ஆவடி மயானத்துக்குப் பேசினார்கள், வேன் வந்தது. காலனிக்குள் வேன் போகிற வழி ஒன்றே ஒன்றுதான். அது செல்லியம்மன் கோயில் வாசலைத் தொட்டுக்கொண்டு மேட்டில் ஏறி மெயின் ரோடுக்குப் போகிற வழி. எல்லோருக்கும் அது தெரியும். பாடையிலிருந்து சொர்ணத்தைத் தூக்கி வேனுக்குள் வைத்தார்கள். பூசாரி ஓடிப் போய் அம்மனுக்குத் திரை போட்டார். அவ்வளவுதான். ஒரு முழம் துணி, இரண்டு ஆணி.

வேன் மெதுவாகக் கோயிலைக் கடந்தது. வானம் இடியவில்லை. மேட்டில் சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் வேனைப் பார்த்து ஒதுங்கி நின்றார்கள். ஜன்னல் வழியாக அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார் சின்னப்பையன். பிறகு மனைவியின் காலைப் போர்த்தியிருந்த துணியை இழுத்து விட்டார்.

"இங்கதான் நைனா அந்த மேடம் பாலம் போட்றேன்னுச்சா?" என்றான் பூபாலன். தெரியாமல்தான் கேட்டான். கூட்டம் நடந்த சமயம் அவன் ஒரகடத்தில் வேலைக்கு இருந்தான்.

"இங்கதான்டா," என்றார். "நான்தான் வோணாம்னேன்."

வேன் மெயின் ரோட்டில் ஏறி ஆவடிப் பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் வெட்டி வைத்த குழியை மூடிவிடச் சொல்லித் தங்கராஜ் போனில் பேசிக்கொண்டிருந்தான்.